நான்காவது கம்பியும் கிழக்கு ஜன்னலும்

“14-11-1955, திங்கள். முதல் சூடு. வளைகம்பி ஆறு. உலையில் வைத்தது காலை 7.35. எண்ணெயில் இறங்கிய நேரம்: 8.32, 8.36, 8.40, 8.46, 8.54, 8.58. வானம் மூட்டம். குறிப்பு: ஏதுமில்லை.”

இது நான் எழுதிய பதிவு. திருவொற்றியூரில் நெடுஞ்சாலைக்கும் கடலுக்கும் நடுவே இருந்த ஒரு ஸ்பிரிங் பட்டறையில் அப்போது ரைட்டராக இருந்தேன். ஒவ்வொரு நாளும் உலையில் எது போனது, எப்போது போனது, எப்போது வந்தது என்று சூட்டுப் புத்தகத்தில் எழுதுவது என் வேலை. அந்தப் புத்தகம் பிறகு என்ன ஆயிற்று என்று தெரியாது. இந்த ஒரு பக்கத்தை மட்டும் என் சொந்தக் குறிப்பேட்டில் அன்றே நகல் எடுத்து வைத்தேன். அதில் தேதி சரி. நேரங்கள் சரி. வானத்தைப் பற்றி எழுதியது முக்கால்வாசி சரி. ‘ஏதுமில்லை’ என்ற சொல் பொய்.

வளைகம்பி என்பது பட்டறைக்காரர்கள் வைத்த பெயர். வரைபடத்தில் ஸ்டெபிலைசர் பார் என்று இருந்தது. காரின் முன்பக்கத்தில், அடியில், இடது சக்கரத்திலிருந்து வலது சக்கரத்துக்குக் குறுக்கே போகும் கம்பி. ‘ப’ என்ற எழுத்தை அகலமாக எழுதிப் படுக்க வைத்தால் எப்படியோ அப்படி வளைந்திருக்கும். அது வண்டியின் பாரத்தைச் சுமப்பதில்லை. இரண்டு சக்கரமும் ஒன்றாக மேலே ஏறினால் அதற்கு வேலையே கிடையாது. ஒன்று மட்டும் ஏறி வண்டி ஒரு பக்கம் சாயும்போதுதான் அதன் நடுத்தண்டு முறுக்கிக்கொள்ளும். முறுக்கிய கம்பி பழைய நிலைக்குத் திரும்பப் பார்க்கும். அந்த இழுப்பில் வண்டி நிமிரும். வளைவில் பேருந்து சாய்ந்து பயணிகள் ஒருவர் மேல் ஒருவர் விழுவதைப் பார்த்தவர்களுக்கு இதை மேலும் விளக்க வேண்டியதில்லை.

சாதாரண இரும்பில் இதைச் செய்தால் ஒருமுறை முறுக்கியதும் அப்படியே நின்றுவிடும். அதனால் சிலிக்கனும் மாங்கனீசும் சேர்த்த எஃகு வேண்டும். அது துறைமுகத்தில் கட்டுக் கட்டாக வந்து இறங்கும். அதை வளைத்து, சிவக்கக் காய்ச்சி, எண்ணெயில் தோய்க்க வேண்டும். தோய்ந்த கம்பி கண்ணாடிபோல் கெட்டி, கண்ணாடிபோலவே உடையும். ஆகவே இரண்டாவது உலையில் குறைந்த சூட்டில் மறுபடி வைத்து அந்த மொறுமொறுப்பை எடுப்பார்கள். சூடு பதமாக வந்ததா என்று பார்க்க, காய்ந்த சவுக்குக் குச்சியால் கம்பியைத் தேய்ப்பார்கள். குச்சி கருகி, சின்னப் பொறி தெறித்தால் போதும்.

அதுவரை நாங்கள் லாரிக்கு அடியில் போடும் பட்டை ஸ்பிரிங் மட்டுமே செய்துவந்தோம். வளைகம்பியை எல்லாரும் வெளிநாட்டிலிருந்துதான் தருவித்தார்கள். வடக்கே ஒரு கார் தொழிற்சாலை, ஆறு கம்பி செய்து காட்டுங்கள், முறுக்கிப் பார்க்கிறோம், தேறினால் ஆர்டர் தருகிறோம் என்று சொல்லியிருந்தது. ஆர்டர் வந்தால் உலைக்காரரை நிரந்தரமாக்குவதாக மானேஜர் வாக்களித்திருந்தார். உலைக்காரர் ஒன்பது வருஷமாகத் தினக்கூலி.

அவர் வண்ணாரப்பேட்டைக்காரர், என்னைவிட ஒரு வயது இளையவர். பட்டறையில் எல்லாரும் அவரைப் பாய் என்பார்கள், நானும் அப்படியே. என்னோடு உட்கார்ந்து பேசிய ஒரே ஆள் அவர். இதை மனத்தாங்கலாகச் சொல்லவில்லை. ரைட்டர் என்றால் ஆபீசின் காது என்று உலைப்பக்கத்தில் நினைப்பார்கள். ஆபீசில் இருந்தவர்களோ என் சட்டையில் எண்ணெய் வாடை அடிக்கிறது என்று நாற்காலியை நகர்த்திப் போடுவார்கள். ராயபுரத்தில் ஒரு மாடி அறையில் தனியாகக் குடியிருந்தேன். அம்மா 1951இல் போன பிறகு அந்த அறையில் என் குரலைத் தவிர வேறு குரல் கேட்டதில்லை. என் குரலையும் படிக்கும்போது மட்டுமே கேட்டேன். மூர் மார்க்கெட்டின் பழைய புத்தகக் கடைகளில் சரித்திரம், கடற்பயணம், எஃகு என்று எது கிடைத்தாலும் வாங்கிப் படிப்பேன். தினமும் காற்று எந்தத் திசை, நங்கூரம் போட்டு நிற்கும் கப்பல்கள் எத்தனை என்று எழுதிவைப்பேன். யாரும் கேட்காத குறிப்புகள்.

உலைக் கொட்டகை இருட்டாக இருக்கும். அப்படித்தான் இருக்க வேண்டும். சூட்டைக் காட்டும் மீட்டர் ஒன்று சுவரில் இருந்தது. கடலுப்பு ஏறி அதன் முள் நின்றுபோய், பழுதுபார்க்கக் கல்கத்தாவுக்கு அனுப்பியிருந்தார்கள். அதுவரை பாயின் கண்தான் மீட்டர். அவர் கணக்கில் மூன்று நிறங்கள். முதலில் செங்கல். பிறகு மாதுளை முத்து. அதற்கும் மேலே போனால் கிச்சிலிப் பழம், அதாவது ஆரஞ்சு. கம்பி மாதுளையில் இருக்கும்போது எடுத்துத் தோய்க்க வேண்டும். கிச்சிலிக்குப் போய்விட்டால் எஃகின் உள்ளே இருக்கும் நுண்ணிய மணிகள் பெருத்துவிடும். வெளியே பார்க்க ஒன்றும் தெரியாது, முறுக்கினால் உடையும்.

வெளிச்சத்தில் நிறம் ஏமாற்றும். இருட்டில் பளிச்சென்று தெரியும் சிவப்பு, பகல் வெளிச்சம் பட்டால் மங்கிப்போகும். ‘இன்னும் காயவில்லை’ என்று தோன்றும். இன்னும் காய்ச்சத் தோன்றும். அதனால்தான் கடலைப் பார்த்த ஒரே ஜன்னலுக்குத் தார் பூசிய பலகை போட்டு மூடியிருந்தார்கள். வெளியிலிருந்து வருகிறவர் யாரானாலும் வாசலை அடைத்துவிட்டு அங்கேயே கொஞ்ச நேரம் நிற்க வேண்டும். “கண்ணு ஆறட்டும்” என்பார் பாய். மானேஜரும் நின்றிருக்கிறார். உள்ளே பீடி கூடாது. என் வெள்ளைச் சட்டையும் கூடாது.

கொறடு பிடித்துக் கம்பியை இழுத்து எண்ணெயில் இறக்குகிறவர் வியாசர்பாடிக்காரர். முப்பது வயது, வாய் ஓயாத மனுஷர். அவர்தான் முதல் நாளே சொன்னது:

“இன்னா நைனா, ரைட்டரு வர்றாரா, சூரியன் வர்தா? சட்டைய பாரு. சோப்பு கம்பெனிக்காரன் பாத்தா புட்ச்சிகினு பூடுவான்.”

பாய் சிரித்துக்கொண்டே ஓர் ஆணியில் பழைய கறுப்புக் கோட்டு ஒன்றை மாட்டி வைத்தார். கொட்டகைக்குள் போகும்போது நான் அதைப் போட்டுக்கொள்ள வேண்டும். கை நீளம், பித்தான் இரண்டுதான். ஏழு வருஷம் அதைப் போட்டேன்.

ஒருமுறை நான் காந்தம் ஒன்று வாங்கிக்கொண்டு போனேன்.

“இன்னா ரைட்டர் சார், வெளாட்டு சாமானா?”

“இல்ல பாய். இரும்பு ஒரு அளவுக்கு மேல சூடாயிட்டா காந்தம் ஒட்டாது. அதுக்கும் கொஞ்சம் மேலதான் நமக்கு வேண்டிய சூடு. புத்தகத்துல போட்டிருக்கு.”

ஒரு துண்டுக் கம்பியைக் காய்ச்சி, கொறட்டில் பிடித்து, காந்தத்தைக் கிட்டே கொண்டுபோனார். ஒட்டவில்லை. தலையை ஆட்டினார்.

“செரி. ஒட்டலன்னு சொல்லுது. எம்மாம் மேல பூட்ச்சின்னு சொல்லுமா?”

“அது சொல்லாது.”

“அப்போ பாதி தெரிஞ்ச ஆளு. நம்ம மேஸ்திரி மாதிரி.”

கொறட்டுக்காரர் சிரித்த சிரிப்பில் மேஸ்திரி வெளியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

அந்த அக்டோபரில் ரங்கூனிலிருந்து தங்கையின் கடிதம் வந்தது. எனக்கு மீதி இருந்த ஒரே உறவு அவள். பத்து வருஷத்துக்கு மேல் பார்க்கவில்லை. நவம்பர் பதினான்காம் தேதி வாக்கில், திங்களோ செவ்வாயோ, சென்னை சேரும் கப்பலில் வருவதாக எழுதியிருந்தாள். ஒரு மாதம் தங்குவாளாம். புதிதாக ஒரு தலையணையும் ஒரு பித்தளைத் தம்ளரும் வாங்கினேன். தம்ளரைக் கழுவித் துடைத்துக் கவிழ்த்து வைத்தேன். தூசி படிந்திருக்குமோ என்று மறுநாளும் கழுவினேன். பாயிடம் சொன்னேன்.

“தங்கச்சியா! சொல்லவே இல்லியே. எத்தினி வர்ஷம் கய்ச்சி!” என்றார். “வூட்டுக்கு இட்டாங்க சார். எங்க வூட்ல பிரியாணி போட சொல்றேன்.”

ஆறு கம்பிக்கு நாள் குறித்தபோது அது அதே திங்கட்கிழமையாக அமைந்தது. பிற்பகல் விடுப்புக் கேட்டேன். சூடு முடிந்ததும் போகலாம் என்றார்கள்.

அந்த வாரம் முழுக்க மழை. பின்னால் தேவைப்படும் என்பதால் ஒன்றை இங்கேயே எழுதிவிடுகிறேன். எஃகுக் கட்டுகளை முற்றத்தில் திறந்தவெளியில்தான் அடுக்கியிருந்தோம். ஒவ்வொரு வகைக்கும் ஒரு நிறம் கம்பியின் நுனியில் பூசியிருக்கும். வளைகம்பிக்கான எஃகுக்கு மஞ்சள். பக்கத்திலேயே சாதாரணக் கார்பன் எஃகு, அதற்குப் பச்சை. மழைத் தண்ணீர் தேங்கி இரண்டு கட்டுகளின் கட்டுக்கம்பியும் துருப்பிடித்து அறுந்து, கம்பிகள் சரிந்து விழுந்தன. நுனிப் பூச்சு சிலவற்றில் உரிந்திருந்தது. கொறட்டுக்காரரும் இன்னும் இரண்டு பேரும் அவற்றைப் பார்த்துப் பிரித்து மறுபடி அடுக்கி, உரிந்த நுனிகளுக்குப் புதிதாக வண்ணம் தீட்டினார்கள். எதை வைத்துப் பிரித்தார்கள் என்று நான் அப்போது கேட்கவில்லை.

திங்கட்கிழமை காலையில் மழை விட்டிருந்தது. வானம் மூட்டம். கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு ஜன்னலோரத்தில் என் வழக்கமான இடத்தில் நின்றேன். பாய் உலை வாயைப் பார்த்தபடி, எனக்கும் ஜன்னலுக்கும் முதுகைக் காட்டி நின்றார். முதல் கம்பி மாதுளைக்கு வந்தது. “எடு” என்றார். கொறட்டுக்காரர் இழுத்தார், எண்ணெயில் இறங்கிய கம்பி உறுமியது, புகை எழுந்து கூரையில் முட்டியது. நான் நேரம் எழுதினேன். இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதும் அப்படியே.

மூன்றாவது கம்பி இறங்கியபோது எங்கோ கடலில் கப்பலின் சங்கு ஊதியது.

பலகையை நான்கு விரல் அகலம் நகர்த்தினேன். அவ்வளவுதான். வெளியே சாம்பல் நிற வானம், சாம்பல் நிறக் கடல். பெரிய வெளிச்சம் இல்லை. கொட்டகைக்குள் ஏதும் மாறியதாக எனக்குத் தோன்றவில்லை. கண்ணை அந்த இடுக்கில் வைத்துப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. இன்னும் கொஞ்சம் நகர்த்தினேன். அப்போது மேகம் விலகியது. கடல் முழுவதும் வெள்ளித் தகடாயிற்று. அதன் நடுவே, வடகிழக்கில், கறுப்புக் கீறல்போல ஒரு கப்பல் வருவதைப் பார்த்தேன். அதில் அவள் இருக்கிறாள் என்று நினைத்தேன். எத்தனை நேரம் பார்த்தேன் என்று என்னால் சொல்ல முடியாது. நேரம் குறிப்பதற்காக வேலைக்கு வைக்கப்பட்டவன் நான்.

“எடு” என்று பின்னால் கேட்டது. எண்ணெய் உறுமியது. கடிகாரத்தைப் பார்த்தேன்; 8.46. ஒவ்வொரு கம்பிக்கும் நான்கு நிமிஷம் என்று வந்துகொண்டிருந்தது, இதற்கு ஆறு நிமிஷம் ஆகியிருந்தது.

“ரைட்டர் சார்” என்றார் பாய், உலையிலிருந்து முகத்தைத் திருப்பாமல். “கதவு எதுனா தொறந்துகினு கீதா?”

“இல்லையே பாய்” என்றேன். சொல்லிக்கொண்டே பலகையைத் தள்ளி மூடினேன். எண்ணெய் உறுமலில் அந்தச் சத்தம் கேட்கவில்லை.

அவர் மறுபடி உலைக்குள் பார்த்தார். மூடிய இருட்டில் இப்போது நிறம் சரியாகத் தெரிந்தது.

“இன்னாது இது, கிச்சிலியா கீது!” என்றார். உலையை எரிக்கும் எண்ணெய்க் குழாயைக் குறைத்தார். உலைக் கதவைத் திறந்துவைத்துக் காத்திருந்தார். நிறம் இறங்கிய பிறகு ஐந்தாவதையும் ஆறாவதையும் எடுத்தார். 8.54, 8.58. குறிப்பு என்ற கட்டத்தில் என்ன எழுத என்று கேட்க என்னைத் தவிர அங்கே யாருமில்லை. ‘ஏதுமில்லை’ என்று எழுதினேன்.

பிற்பகல் துறைமுக வாசலில் நின்றேன். ரங்கூன் கப்பல்தான். இறங்கியவர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். கட்டித் தழுவினார்கள், அழுதார்கள், ரிக்‌ஷா பேசினார்கள். கடைசி ஆளும் போய், வாசல்காரர் என்னைப் பார்த்து, “இன்னும் யாரு சாமி?” என்று கேட்கும்வரை நின்றேன். செவ்வாய்க்கிழமையும் போனேன். அன்று ரங்கூன் கப்பலே இல்லை. பத்து நாள் கழித்துக் கார்டு வந்தது: பயணச் சீட்டுக்கு வேண்டிய காகிதங்கள் கிடைக்கவில்லை, இனி எப்போது என்று தெரியாது.

புதன்கிழமை, பதினாறாம் தேதி, கார் தொழிற்சாலையிலிருந்து பரிசோதகர் ஒருவர் வந்தார். முற்றத்தில் இரும்புச் சட்டத்தில் கம்பியின் ஒரு முனையை இறுக்கி, மறுமுனையை நெம்புகோலால் மீண்டும் மீண்டும் முறுக்கினார்கள். முதல் மூன்று கம்பியும் வளைந்து கொடுத்து நிமிர்ந்தன. நான்காவது, நடுத்தண்டில், ஓடு உடைவதுபோல் உடைந்தது. பரிசோதகர் உடைந்த வாயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நானும் பார்த்தேன். நல்ல எஃகு உடைந்தால் சாம்பல்போல் நுண்ணிய பொடியாகத் தெரியும். இது கல்லுப்புபோல மின்னியது. ஐந்தும் ஆறும் உடையவில்லை. ஆனால் ஆறில் ஒன்று உடைந்தது போதும். ஆர்டர் வரவில்லை.

“கண்ணு அவுட்டு பாய் உனுக்கு” என்றார் மேஸ்திரி, எல்லார் முன்னிலையிலும்.

பாய் கிட்டே வந்தார். உடைந்த துண்டைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான்கு என்று முத்திரை குத்திய அந்தத் துண்டைப் பிறகு குப்பையிலிருந்து எடுத்துக்கொண்டது நான்.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து பாய், தொப்பியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டே, முற்றத்துப் பூவரச மரத்தடியில் இருந்த என் மேசைக்கு வந்தார்.

“ரைட்டர் சார், ஒண்ணு கேக்கறேன். மறைக்காம சொல்லணும்.”

“கேளுங்க பாய்.”

“நாலாவது கம்பி எட்க்கசொல்லோ நீங்க அங்கதான் கீறீங்க. உங்க கண்ணுக்கு அது இன்னா கலரு?”

“நான் பார்க்கல பாய். நேரம் எழுதிக்கிட்டிருந்தேன்.”

“எனுக்கு மாதுளைதான் சார். சத்தியமா சொல்றேன். கிச்சிலி இல்ல. மாதுளை.” தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். “அப்போ கண்ணு போச்சா?”

சொல்லியிருக்கலாம். மூன்றே சொல்: ஜன்னலை நான் திறந்தேன். சொன்னால் என் வேலை போகும் என்று பயந்தேன் என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது முழு உண்மை அல்ல. சொன்னால் அவர் என் மேசைக்கு வருவது நின்றுபோகும் என்று பயந்தேன். வேறு யாரும் வருவதில்லை.

“டாக்டர்கிட்ட ஒரு தடவை காட்டிடுங்க பாய்” என்றேன்.

காட்டினார். கண்ணில் குறை ஏதும் இல்லை என்று டாக்டர் சொன்னதாக மறுவாரம் சொன்னார். “எய்த்து தெரியுதான்னு பாத்தாரு சார். தெரியுது. கலரு யாரு பாக்கறது?” உலைப் பக்கம் அவரை விடவில்லை, கம்பி வளைக்கும் பக்கத்துக் கரியடுப்புக்குக் கரி அள்ளப் போட்டார்கள். டிசம்பர் 31, சனிக்கிழமை, கணக்கு முடித்துப் போய்விட்டார். போகும்போது என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை. திங்கட்கிழமை கொட்டகைக்குப் போனபோது கோட்டு ஆணியிலேயே தொங்கியது. இரண்டு பித்தான்தான் இருந்தது என்றேனே. மூன்றாவது ஒன்று புதிதாகத் தைத்திருந்தது. எப்போது தைத்தார், எதற்குத் தைத்தார் என்று தெரியாது. உடைவதற்கு முன்பே தைத்திருக்கலாம். நான் கவனிக்காமல் இருந்திருக்கலாம்.

ஜனவரியில் தங்கையிடமிருந்து இன்னொரு கடிதம் வந்தது. பயணத்தைக் கைவிட்டுவிட்டார்கள். தலையணையை எடுத்துப் பெட்டிக்குள் வைத்தேன். அந்தக் குளிர்காலத்தில் கப்பல்களை எண்ணுவதை நிறுத்தினேன். என் குறிப்பேட்டில் ஜனவரி, பிப்ரவரிக்கு எதிரே காற்று மட்டும்தான் இருக்கிறது.

1956 மார்ச் 11, ஞாயிறு. ராயபுரம் சரக்கு நிலையத்தை ஒட்டி நடந்துகொண்டிருந்தேன். சரக்குக் கொட்டகை வாசலில் மூட்டைகளை வகை பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தார்கள். மூட்டையின் மேல் வண்ணப் பட்டை. சிவப்புப் பட்டை போட்டது ஒரு பக்கம், ஆரஞ்சுப் பட்டை போட்டது ஒரு பக்கம். முதுகில் மூட்டையோடு நின்ற ஒருவர் பக்கத்து ஆளிடம் கேட்டது காதில் விழுந்தது:

“டேய், இது செவப்பா, கிச்சிலியா?”

“கண்ணு எங்க மாமு வச்சிகினு கீற? செவப்பு. அப்பிடிக்கா போடு.”

பாய்தான். பட்டை சிவப்புதான், பத்தடி தள்ளி நின்ற எனக்கே தெரிந்தது. அவருக்கும் தெரிந்திருக்கும். தெரிந்ததை அவர் நம்பவில்லை.

மூட்டையை இறக்கிவிட்டுத் திரும்பியவர் என்னைப் பார்த்துவிட்டார்.

“ஐய, ரைட்டர் சாரு! இன்னா இந்தாண்ட? கப்பலு பாக்க வந்தீங்களா? தங்கச்சி வந்துச்சா?”

“வரல பாய்” என்றேன். பிறகு, நின்ற இடத்திலேயே, அன்று நடந்ததைச் சொன்னேன். சங்கு ஊதியது, பலகையை நகர்த்தியது, மேகம் விலகியது, அவர் கேட்டபோது இல்லையென்றது. ஒன்றையும் விடவில்லை.

அவர் தோளில் கிடந்த சாக்குத் துணியை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

“தொறந்து வச்சிகினு இருந்தியா?” என்றார். அதுவரை ஒரு நாளும் என்னை அவர் நீ என்றதில்லை.

“ஆமா.”

“நான் கேட்டேனே. கதவு தொறந்துகினு கீதான்னு கேட்டேனே.”

“கேட்டீங்க.”

“இல்லன்ன.”

“ஆமா பாய்.”

“மேஸ்திரி கண்ணு அவுட்டுன்றான். வூட்ல அவ, ராத்திரி வெளக்க காட்டி, இது இன்னா கலரு, அது இன்னா கலருன்றா. நாலு மாசம். நீ என்னிய டாக்டர்கிட்ட அன்ப்பி வுடுற.”

பக்கத்து ஆள் மூட்டையை வைத்துவிட்டு வந்தார். “இன்னா மாமு, தகராறா?”

“அதெல்லாம் இல்ல, நீ போ. சாரு எனுக்கு கண்ணு குடுக்க வந்துகீறாரு.”

பிறகு ஒரு மூட்டையின் மேல் உட்கார்ந்தார். எதிரே அடுக்கியிருந்த பட்டைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். செவப்பு, செவப்பு, கிச்சிலி, செவப்பு என்று உதடு அசைந்தது. “அப்போ நல்லாத்தான் கீது” என்றார், எனக்கல்ல. சற்றுப் பொறுத்து என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“எய்திக் குடு.”

“என்ன எழுதணும்?”

“எல்லாத்தியும் எய்துவியே. காத்த எய்துவே, கப்பல எய்துவே. இத்த எய்து. தேதி போட்டு, கையெய்த்து போட்டு. பெரம்பூர் பக்கம் ஒரு பட்டறைல உலைக்கு ஆளு கேக்கறான். கண்ணு போனவன்னு இங்கேர்ந்து சேதி போயிட்ச்சி. இத்த காட்டணும்.”

சட்டைப் பையிலிருந்து குறிப்பேட்டை எடுத்து ஒரு தாளைக் கிழித்தேன். எழுதத் தொடங்கியதும் கை நின்றது. முற்றத்தில் சரிந்த கட்டுகளின் நினைவு வந்தது. ஜன்னல்தான் காரணம் என்றால், அந்த மிகுந்த சூட்டில் கூடவே கிடந்த ஐந்தும் ஆறும் ஏன் உடையவில்லை? நான்காவது கம்பி பச்சைக் கட்டிலிருந்து தவறி வந்த வேறு எஃகாக இருந்தால், ஜன்னல் மூடியிருந்தாலும் உடைந்திருக்கலாமே? ‘பெரும்பாலும்’ என்று ஒரு சொல் சேர்க்கலாமா என்று யோசித்தேன்.

என் முகத்தை அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

“சந்தேகம் கிந்தேகம் ஒண்ணும் போடாத. ‘தெரியவில்லை’ன்னு உன் பாஷைல எய்தாத. உனுக்கு அது பழக்கம்.”

இப்படி எழுதினேன்: “14-11-1955 அன்று முதல் சூட்டின்போது உலைக் கொட்டகையின் கிழக்கு ஜன்னலை நான் திறந்தேன். அந்த வெளிச்சத்தால் கம்பியின் நிறம் மங்கித் தெரிந்தது. நான்காவது கம்பி உடைந்ததற்கு அதுவே காரணம். உலைக்காரரின் கண்ணில் குறை ஏதும் இல்லை.” கையெழுத்தும் அன்றைய தேதியும் போட்டேன்.

அவருக்குத் தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்க வரும். விரலை வைத்துப் படித்தார். இரண்டாக மடித்து, பையிலிருந்த தொப்பிக்குள் வைத்தார். “செரி” என்று எழுந்து அடுத்த மூட்டையை முதுகில் வாங்கிக்கொண்டார். யாரையும் கேட்காமல் நேராகச் சிவப்புப் பக்கம் போனார். நான் கொஞ்ச நேரம் நின்றேன். அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாள் மானேஜரிடமும் சொன்னேன். சூட்டுப் புத்தகத்தில் பழைய பக்கத்தின் ஓரத்தில், எழுதிய தேதியைப் போட்டு, அதே வாக்கியங்களைச் சேர்த்தேன். அவர் படித்துவிட்டு, “மீட்டர் கல்கத்தாவிலிருந்து வந்துவிட்டது, இனி யார் கண்ணும் நமக்கு வேண்டாம்” என்றார். என் வேலை போகவில்லை. நான்கு மாதம் பயந்தது அதற்காகத்தான் என்றால், அந்தப் பயமும் வீண்.

பாயை அதன்பின் பார்க்கவில்லை. பெரம்பூரில் உலைக்குச் சேர்ந்துவிட்டார் என்று கொறட்டுக்காரர் ஒருநாள் சொன்னார். யாரோ சொல்லக் கேட்டதாம். வண்ணாரப்பேட்டையில் அவர் வீடு இருந்த தெரு வரை இரண்டு தடவை போனேன். வீட்டு எண்ணை நான் கேட்டு வைத்துக்கொண்டதே இல்லை என்பது அங்கே போன பிறகுதான் உறைத்தது.

கொறட்டுக்காரரிடம் கட்டுகளைப் பற்றியும் கேட்டேன். “மஞ்சா மாதிரி இர்ந்தது மஞ்சா, பச்ச மாதிரி இர்ந்தது பச்ச. ஒண்ணுமே இல்லாதத கைல தூக்கி பாத்து போட்டோம் ரைட்டரே” என்றார். இரண்டு எஃகுக்கும் எடையில் கையால் அறியக்கூடிய வித்தியாசம் கிடையாது.

நான்கு என்று முத்திரை குத்திய துண்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. துரு ஏறியும் உடைந்த வாயில் சில மணிகள் மின்னுகின்றன. பிற்காலத்தில் இஞ்சினியரிங் கல்லூரியில் வேலை பார்த்த ஒருவர், கொடுங்கள், ஒரு வாரத்தில் என்ன எஃகு என்று சொல்லிவிடுகிறேன் என்றார். கொடுக்கவில்லை. நான் வாழ்நாளில் சரிபார்க்காமல் உறுதியாக எழுதிக் கையெழுத்திட்ட வாக்கியம் ஒன்றே ஒன்று: ‘அதுவே காரணம்.’ அது எங்கேயோ ஒருவரிடம் மடித்த தாளில் இருக்கிறது, அல்லது இல்லை.

நான்காவது கம்பி மஞ்சள் கட்டைச் சேர்ந்ததா பச்சைக் கட்டைச் சேர்ந்ததா என்பது இன்றுவரை சரிபார்க்கப்படவில்லை.